ஸ்டெஃபாவின் தலைவலி

கனடாவில் எங்கள் மெல்னிக் ஊரில் குளிர்காலத்தில் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறவர்கள் கிடையாது. எல்லாரும் அவ்வளவு ஒற்றுமை என்று அர்த்தமில்லை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தைந்து டிகிரி குளிர். காரின் இன்ஜினுக்கு விடிய விடிய மின்சாரச் சூடு கொடுத்து வைத்திருந்தால்தான் அது முனகவாவது செய்யும். கிளம்பினாலும் அடுத்த ஊர் வரைக்கும் வெறும் வெள்ளைச் சமவெளி. அதற்குள் கோபம் ஆறிவிடும், இல்லாவிட்டால் கோபித்துக்கொண்டவர் ஆறிவிடுவார். ஆகவே நவம்பரில் வந்த சண்டையை ஏப்ரல் வரைக்கும் வீட்டுக்குள்ளேயே வைத்துக் காப்பாற்றுவது எங்கள் சஸ்கட்சுவான் மாகாணத்துக்காரர்களின் வழக்கம். ஸ்டெஃபா ப்ரோகோபிவ் தன்னுடையதை முப்பது வருடங்களுக்கு மேலாகக் காப்பாற்றி வைத்திருந்தாள். அதைச் சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. சண்டைக்கு இரண்டு பேர் வேண்டுமே.

அவள் புருஷன் மைரோன் கொடுமைக்காரன் இல்லை. ரயிலடித் தானியக் கிடங்கில் ஏஜென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். கை நீட்டியதில்லை. குடிப்பதும் கல்யாண வீடுகளில் மட்டும்தான். அவனிடம் இருந்த ஒரே பழக்கம், எல்லாவற்றையும் தானே முடிவு செய்துவிடுவது. ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை, மாதா கோயிலில் எந்த வரிசையில் உட்காருவது, பீட்ரூட் சூப்பில் எவ்வளவு உப்பு என்பது வரைக்கும் அவனுக்கு ஒரு முடிவு இருந்தது. போன் அடித்தால் அவன்தான் எடுப்பான். ஸ்டெஃபா எப்படி இருக்கிறாள் என்று கேட்டால், ரிசீவரை அவளிடம் கொடுக்காமலே "நல்லா இருக்கா" என்பான். கல்யாணமான புதிதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று அவள் சொன்னபோது, "எதுக்கு, நான்தான் இருக்கேனே" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அதுதான் தொந்தரவு. அடித்திருந்தால் யாரிடமாவது சொல்லி அழலாம். 'நான்தான் இருக்கேனே என்கிறான்' என்று யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

குழந்தைகள் இல்லை. அவள் தையல் வேலை செய்தாள். கல்யாண கவுன்களை இடுப்பில் பிடிப்பது, செத்துப்போனவரின் கோட்டை மகனுக்குச் சின்னதாக்குவது, ஸிப் மாற்றுவது என்று ஊரில் பாதிப் பேர் அவள் கைப்பட்ட துணியைத்தான் உடுத்தினார்கள். தையல் மெஷின் இருந்தது நிலவறையில், ஃபர்னஸுக்குப் பக்கத்தில். வீடு முழுவதையும் சூடாக்கும் அந்தக் கேஸ் அடுப்பு ஒரு பீரோ அளவு இருக்கும். குளிர்காலம் முழுக்க அது உறுமுவதும் அடங்குவதும்தான் அவளுக்குப் பேச்சுத்துணை.

எண்பதுகளின் நடுவில் ஓர் இலையுதிர் காலத்தில் மைரோனுக்கு வீட்டை அடைக்கும் பைத்தியம் பிடித்தது. அவனுக்கு மட்டுமில்லை, அந்த வருடம் ஊருக்கே பிடித்திருந்தது. சூடு வீணாகிறது, காசு சுவர் வழியாகக் கசிகிறது என்று ரேடியோவில் சொல்லிச் சொல்லி எல்லார் மண்டையிலும் ஏற்றியிருந்தார்கள். கூட்டுறவுக் கடையின் காபி மேஜையில் தினமும் உட்காரும் கிழவர்களுக்குள் யார் வீடு அதிக இறுக்கம் என்று போட்டியே நடந்தது. மைரோன் சுவருக்குள் பஞ்சு அடைத்தான். ஜன்னல்களில் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, ஸ்டெஃபாவின் தலைமுடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டி, மேளத்தோல் மாதிரி இழுத்துக் கட்டினான். கதவடியில் ரப்பர் பட்டை வைத்தான். சாவி துவாரத்தில் ரொட்டி சுற்றிவந்த காகிதத்தைத் திணித்தான். "என் வீட்டுக்குள்ள ஈ வரணும்னாக்கூட என்கிட்ட கேட்டுட்டுத்தான் வரணும்" என்று காபி மேஜையில் பெருமையடித்தான். ஏற்கெனவே உள்ளே இருந்த ஒருத்தி வெளியே போக யாரைக் கேட்க வேண்டும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

குளிர்காலத் தொடக்கத்தில் ஃபர்னஸைச் சோதிக்க வந்தவன் ட்வைட் பெனர். கேஸ் வேலை செய்பவன், ஊருக்குத் தெற்கே மெனனைட் கிறிஸ்தவர்கள் வாழும் பண்ணைப் பக்கத்து ஆள், நெட்டையன், அதிகம் பேசாதவன். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"நல்லாத்தான் அடைச்சிருக்கே மைரோன். இப்ப உன் ஃபர்னஸ் எதை மூச்சு விடும்?"

"அது என்ன மாடா, மூச்சு விட?"

"நெருப்புப்பா. காத்து வேணும். முந்தியெல்லாம் உன் வீட்டு ஓட்டை வழியா அதுவா எடுத்துக்கிச்சு. இப்ப ஒரு ஓட்டையும் மிச்சம் வைக்கல. கீழ காத்து வந்தாத்தான் புகை மேல சிம்னி வழியாப் போகும். இல்லேன்னா திரும்பி வீட்டுக்குள்ளயே இறங்கும். அதுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தூங்கிட்டிருக்கிறப்பவே ஆளை முடிச்சுடும்."

சொல்லிவிட்டு அவன் சுவரில் துளை போட்டான். வெளியிலிருந்து ஒரு தொடை மொத்தத்துக்குக் குழாய் கொண்டுவந்து, ஃபர்னஸ் பக்கத்தில் கீழே இறக்கி, அதன் வாயைக் காலி ஐஸ்கிரீம் வாளி ஒன்றுக்குள் வைத்தான். குளிர்ந்த காற்று வாளியில் தங்கி நிதானமாக வழியும் என்பது கணக்கு. எங்கள் பக்கத்தில் எல்லா நிலவறைகளிலும் அப்படி ஒரு வாளி உண்டு. மைரோனுக்கு வயிறெரிந்தது. "நான் ஊசி நுழையற ஓட்டையெல்லாம் தேடித் தேடி அடைச்சேன். இவன் வந்து பூனை நுழையற ஓட்டை போட்டுட்டுப் போறான்" என்று ஒரு வாரம் புலம்பினான்.

அந்தக் குழாய்க் காற்று நேராக ஸ்டெஃபாவின் காலில் விழுந்தது. மெஷின் பெடலை மிதிக்கும் பாதம் மரத்துப்போய், மிதிக்கிறோமா இல்லையா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"அந்தக் குழாய்லேர்ந்து வர்ற காத்து என் கால்லயே வந்து விழுது மைரோன். ரெண்டு காலும் சில்லிட்டுப் போயிடுது."

மைரோன் சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. ரொட்டியை எடுத்துக் கிண்ணத்தைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனான். அவளுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்த வீட்டில் அவள் சொல்கிற பாதி வாக்கியங்கள் ரேடியோ சத்தத்தோடு சேர்ந்தவைதான்.

சில நாள் கழித்துக் கால் சில்லிடுவது நின்றுவிட்டது. குளிர் கொஞ்சம் விட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வாளி இருந்த இடத்தில் இருந்தது, குழாய் வாய் வாளிக்குள் இருந்தது. குனிந்து பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

ஜனவரியில், பழைய உக்ரைன் கணக்குப்படி வரும் எங்கள் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு தலைவலி ஆரம்பித்தது. நெற்றியைச் சுற்றி ஈரத்துணியை முறுக்கிக் கட்டியது போல ஒரு இறுக்கம். பிறகு குமட்டல். தைக்கும்போது நூல் இரண்டாகத் தெரிந்தது. பெரோகிக் கொழுக்கட்டைக்கு உருளைக்கிழங்கு வேகவைத்ததை மறந்து அடி பிடிக்கவிட்டாள். ஜன்னல் பிளாஸ்டிக்கின் உள்பக்கம் தண்ணீர் கோடு கோடாக வழிந்தது. துணி துவைத்து உலர்த்தும் மெஷினை ஓட்டுகிற நாட்களில் தலைவலி இன்னும் மோசம். அந்த மெஷின் வீட்டுக் காற்றை வெளியே தள்ளத் தள்ள, வேறு வழியில்லாமல் சிம்னிப் புகை கீழே இறங்கியது என்பது அப்போது அவளுக்கு எப்படித் தெரியும்? மைரோன் பகலெல்லாம் காபி மேஜையில் இருந்ததால் அவனுக்குச் சாயங்காலத் தூக்கக் கலக்கத்தோடு போயிற்று. அவன் எப்போதும் சாயங்காலம் தூங்குகிறவன்தான்.

டாக்டரிடம் கூட்டிப் போனான். டாக்டர் அவளைப் பார்த்து "என்ன பண்ணுது?" என்று கேட்டார்.

"நரம்புதான் டாக்டர்" என்றான் மைரோன். "குளிர்காலம் வந்தா இவளுக்குக் கொஞ்சம் அப்படித்தான்."

டாக்டரும் வயசைக் கேட்டுவிட்டு, பொம்பளைகளுக்கு இந்த வயதில் வருவதுதான் என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் மைரோன் அவளுடைய கோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஒரு விஷயத்தை அவளே கண்டுபிடித்தாள். வியாழக்கிழமை தோறும் மாதா கோயில் கூடத்தில் பெண்கள் கூடிப் பெரோகி பிடிப்பார்கள். மாவை வட்டமாகத் தட்டி, கிழங்கை வைத்து, ஓரத்தைக் கிள்ளி மூடிக்கொண்டே ஊரில் ஒருத்தர் விடாமல் கிழித்துத் தொங்கவிடுவார்கள். அங்கே போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் அவள் தலையிலிருந்த கட்டு அவிழும். பசிக்கும். வாய்விட்டுச் சிரிப்பாள். வீடு திரும்பி, வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு மணி நேரம் இருந்தால் மறுபடி அந்த ஈரத்துணி இறுகும். ஒரு தடவையானால் தற்செயல். வாராவாரம் அப்படியே நடந்தது.

மைரோன் காபிக்குப் போயிருந்த ஒரு காலையில், மேற்கே மலைகளுக்கு நடுவே இருக்கும் கெலோனாவிலிருந்து தங்கை லெஸ்யா போன் செய்தாள். இரண்டு புருஷன்களை விட்டுவிட்டு வந்தவள், மூன்றாவதைத் தேடும் உத்தேசம் இல்லாதவள். ஸ்டெஃபா இதைச் சொன்னதும் அவள் சிரித்தாள்.

"வீட்டை விட்டு வெளிய வந்தா சரியாயிடுது, உள்ள போனா வலிக்குது. இதுக்கு டாக்டர் வேற வேணுமாக்கும். அடி மக்கு, உனக்கு வலிக்கிறது தலையில்ல. அந்த வீட்ல இருக்கிற ஆளு."

"அவன் ஒண்ணும் பண்ணலையே லெஸ்யா."

"அதைத்தான் நானும் சொல்றேன். முப்பது வருஷமா ஒண்ணும் பண்ணல. இங்க ஒரு கல்யாணத் துணிக் கடையில தைக்கிறதுக்கு ஆள் இல்லாம தவிக்கிறாங்க. என் வீட்ல ஒரு ரூம் சும்மா கிடக்கு. மழைதான் பெய்யும், அங்க மாதிரி பனி கிடையாது. எப்ப வர்றே?"

போனை வைத்த பிறகு ஸ்டெஃபா சமையலறை நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். லெஸ்யா சொன்னது அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்துக்கு அடியில் சந்தோஷமாகவும் இருந்தது. உடம்பே சொல்லிவிட்டது என்று நினைத்தாள். இத்தனை காலமும் காரணம் இல்லாமல் தவித்த அவளுக்கு, கடவுளே பார்த்து ஒரு காரணத்தை நெற்றியில் கட்டி அனுப்பியிருக்கிறார்.

ஹைவே பெட்ரோல் பங்க்கில் வெள்ளிக்கிழமை மத்தியானம் மேற்கே போகிற பஸ் நிற்கும். அந்த வாரம் புதன்கிழமை, மைரோன் மத்தியானச் சாப்பாட்டை முடிக்கும்வரை காத்திருந்து சொன்னாள்.

"நான் லெஸ்யாகிட்ட போறேன்."

"பனி விடட்டும். ஏப்ரல்ல நானே கூட்டிட்டுப் போறேன்."

"பார்க்கப் போகல மைரோன். அங்கயே இருந்துடறதுக்குப் போறேன்."

மைரோன் அவளைப் பார்த்தான். முப்பது வருடத்தில் அவன் இப்படி நேராகப் பார்த்தது குறைவு. சொல்ல வேண்டியது எத்தனையோ இருந்தது. போன், கார், டாக்டர், விரித்துப் பிடித்த கோட். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அற்பமாக இருந்தது. கடைசியில் எதைச் சொன்னால் யாரும் மறுக்க முடியாதோ அதைச் சொன்னாள்.

"இந்த வீட்ல இருந்தா எனக்குத் தலை வலிக்குது. வெளிய போனா நின்னுடுது."

"வீடு என்ன பண்ணும் உன்னை?" என்றான் மைரோன். அவனுக்கு உண்மையாகவே புரியவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு காபி மேஜைக்குப் போய்விட்டான்.

அங்கே நடந்ததைப் பின்னால் ஊரே அவளிடம் வந்து சொன்னது. மைரோன் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "என் பொண்டாட்டிக்கு வீட்டுக்குள்ள இருந்தா தலை வலிக்குதாம், வெளிய வந்தா சரியாயிடுதாம். தங்கச்சி வீட்டோட போறேங்கிறா" என்றிருக்கிறான். "என் மூஞ்சியைப் பார்த்தா என் பொண்டாட்டிக்கும் அப்படித்தான்" என்று ஒருவர் சொல்ல, மேஜையே சிரித்திருக்கிறது. அதே மேஜையில் இருந்த ட்வைட் பெனர் சிரிக்கவில்லை. காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தவன், மைரோனையும் கோட் காலரைப் பிடித்து எழுப்பியிருக்கிறான்.

ஸ்டெஃபா நிலவறையில், எடுத்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமே என்று ஒரு கவுனின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். மேலே தடதடவென்று காலடி கேட்டது. பூட்ஸ் காலோடு எவனோ நடக்கிறான். எங்கள் ஊரில் திருடன்கூட வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் வருவான். ட்வைட் படியில் பாதி இறங்கி நின்று, "தையலை விட்டுட்டு வெளிய வாங்க. இப்பவே" என்றான். அவள் எழுந்தாள். தரை நழுவியது. அவன் அவளைத் தோளோடு அணைத்து மேலே ஏற்றி, முன்கதவையும் பின்கதவையும் விரியத் திறந்துவிட்டு, வாசலில் நிறுத்தினான். உறைந்த காற்று கத்தி மாதிரி நெஞ்சுக்குள் போனது. மைரோன் தன் கோட்டைக் கழற்றி அவள்மேல் போட்டுவிட்டு, சட்டையோடு நடுங்கிக்கொண்டு நின்றான்.

ட்வைட் தன் சோதனை மீட்டரோடு உள்ளே போய் வந்தான். முகம் வெளுத்திருந்தது. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா" என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை. ஃபர்னஸை அணைத்துவிட்டு, வீடு காற்றாடியதும் மூன்று பேரும் நிலவறைக்கு இறங்கினார்கள். அவன் வாளியை நகர்த்தி, குழாய்க்குள் கையை முழங்கை வரை விட்டு, எதையோ பிடித்து இழுத்தான். அரக்கு நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் வந்துகொண்டே இருந்தது. அது மைரோனின் கர்லிங் ஸ்வெட்டர். பனிக்கட்டித் தளத்தில் கல்லைச் சறுக்கவிட்டு விளையாடும் அந்த ஆட்டத்தில், வாலிபத்தில் ஒரே ஒரு தடவை அவனுடைய குழு கோப்பை ஜெயித்தபோது போட்டிருந்தது. அதன் முழங்கை கிழிந்தபோது தைத்துத் தருகிறேன் என்று ஸ்டெஃபா கேட்டும் தொடவிட்டதில்லை.

"யாரு வெச்சது இதை?" என்றான் ட்வைட்.

மைரோன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அவ கால் சில்லுன்னு இருக்குன்னா."

ஸ்டெஃபாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முப்பது வருடத்தில் அவள் சொன்ன ஒரு வார்த்தை அவன் காதில் விழுந்திருக்கிறது. தன்னிடம் இருந்ததிலேயே பிரியமான பொருளை எடுத்து, யாரிடமும் சொல்லாமல், அவள் காலுக்காகத் திணித்திருக்கிறான். அதனாலேயே அவளைக் கிட்டத்தட்டக் கொன்றும் இருக்கிறான். கோபப்பட வேண்டிய இடத்தில் அவளுக்கு இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

ஆஸ்பத்திரியில் மூக்கில் பிராணவாயுக் குழாயோடு கிடந்தபோதே வெள்ளிக்கிழமை பஸ் போய்விட்டது. அவள் வீடு திரும்புவதற்குள் ஊர் எல்லாவற்றையும் தீர்த்து வைத்துவிட்டது. மாதா கோயில் பெண்கள் சூப்பும் கேக்கும் கொண்டுவந்து, "கேஸ் தலைக்கேறினா அப்படித்தான்டி, என்னென்னமோ பேசத் தோணும்" என்று தடவிக்கொடுத்தார்கள். "அப்பவே நினைச்சேன், இது சாதாரணத் தலைவலி இல்லேன்னு" என்றார் டாக்டர், கூச்சமே இல்லாமல். லெஸ்யாகூடப் போனில் அழுதாள். "நான் ஒரு மடச்சி, அவனைப் போய்ச் சொன்னேனே. கேஸ்தானா? நல்லவேளை. ரூமைப் பத்திக் கவலைப்படாதே, ஒரு பொண்ணு வாடகைக்குக் கேட்டிருக்கா" என்றாள்.

மைரோன்தான் எல்லாரையும்விடச் சந்தோஷமாக இருந்தான். கட்டில்மேல் பாதி அடுக்கிக் கிடந்த பெட்டியைக் காலி செய்து, துணிகளை அலமாரியில் அவனே வைத்து, பெட்டியை மேல்தட்டில் உள்ளே தள்ளிவிட்டான். அவள் காலுக்குக் கம்பளி வைத்த பூட்ஸ் வாங்கி வந்தான். காபி மேஜையில் தினமும் கதை சொன்னான். "வீட்டை விட்டே போறேன்னுட்டாய்யா. என்னடா இது, ஒரு நாளும் எதிர்த்துப் பேசாதவளாச்சேன்னு பார்த்தா, கேஸ்."

ஒரு ஆயுசுக்கு அவள் துணிந்து பேசிய பேச்சு அது ஒன்றுதான். அது இப்போது அவள் பேச்சு இல்லை, குழாயின் பேச்சு. முன்பாவது காரணம் இல்லாமல் அடைபட்டிருந்தாள். இப்போது காரணம் கண்டுபிடிக்கப்பட்டு, சரிசெய்யப்பட்டு, கதவு இன்னும் அழுத்தமாகச் சாத்திக்கொண்டது. இனிமேல் அவள் என்ன சொன்னாலும் 'தலை வலிக்குதா ஸ்டெஃபா?' என்றுதான் கேட்பார்கள். நியாயத்தைச் சொன்னால், அவளும் அதைத்தான் நம்பினாள். தலைவலியோடு இந்த ஆசையும் போய்விடும் என்று காத்திருந்தாள். புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தாள். குழாயிலிருந்து சுத்தமான குளிர்காற்று வந்து விழுந்தது. நூல் ஒன்றாகத் தெரிந்தது. தலை அவ்வளவு தெளிவாக அவளுக்கு இருந்ததே இல்லை. அந்தத் தெளிவில் உட்கார்ந்துகொண்டு, மேலே மைரோன் போனில் "நல்லா இருக்கா" என்று யாரிடமோ சொல்வதைக் கேட்டாள்.

பிப்ரவரி முடியப்போகிற சமயத்தில், ஒரு வியாழக்கிழமைச் சாப்பாட்டில், முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்குத் தலைவலி சுத்தமா இல்ல மைரோன்."

"அதான் தெரியுதே. முகமே தெளிஞ்சுடுச்சு."

"போகணும்ங்கிறது மட்டும் போகல. அப்படியே இருக்கு."

மைரோன் மெல்லுவதை நிறுத்தினான். பிறகு எழுந்து, போன் இருந்த சுவருக்குப் போய், எண்ணைச் சுழற்றினான்.

"ட்வைட்டா? நாளைக்குக் காலையில கொஞ்சம் வந்துட்டுப் போ. எங்கியோ இன்னும் கசியுது. ஆமா. அவ மறுபடியும் சொல்றா."

ஸ்டெஃபா மேல்தட்டிலிருந்து பெட்டியை இறக்கினாள். லெஸ்யாவின் அறை வாடகைக்குப் போயிருந்தால் கூடத்தில் படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

மறுநாள், பஸ் வரும் வெள்ளிக்கிழமை, காலையில் ட்வைட் வந்தான். இந்தக் குளிரில் இன்ஜினை அணைத்தால் பிறகு கிளம்பாது என்று வண்டியை ஓடவிட்டு வந்திருந்தான். அவள் கோட் போட்டு, தலையில் துணி கட்டிக்கொண்டு, தன் கத்திரிக்கோல்களை எடுத்துக்கொள்வதற்காக நிலவறையில் நின்றாள். ட்வைட் மீட்டரை ஃபர்னஸ் பக்கத்தில் பிடித்தான், சிம்னியடியில் பிடித்தான், குழாய் வாயில் பிடித்தான்.

"ஒண்ணும் இல்ல. முள்ளு அசையவே இல்ல."

"சரியாப் பாரு" என்றான் மைரோன்.

மறுபடி பார்த்தான். உலர்த்தும் மெஷினை ஓடவிட்டும் பார்த்தான். முள் பூஜ்யத்தில் நின்றது.

"அந்த மீட்டர்ல ஏதாவது கோளாறு இருக்கும். இன்னொரு தடவை பாரு."

ட்வைட் மீட்டரைப் பைக்குள் வைத்து மூடினான். ஸ்டெஃபாவின் கோட்டைப் பார்த்தான், அவள் கையிலிருந்த கத்திரிக்கோல் பையைப் பார்த்தான்.

"காத்து சுத்தமா இருக்கு மைரோன். இப்ப பேசறது கேஸ் இல்ல. அவங்கதான்."

பிறகு அவளிடம், "நான் ஹைவே பக்கம்தான் போறேன். வண்டியில இருக்கேன், மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு மேலே போனான்.

மைரோன் படியில் உட்கார்ந்தான். நிலவறைக்கு அது ஒன்றுதான் வழி. அவன் அகலமான ஆள், படி குறுகல். மறிக்க வேண்டும் என்று அவன் உட்காரவில்லை, வேறு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டான். அவள் எதிரே வந்து நின்றாள். பின்னால் ஃபர்னஸ் உறுமி எரியத் தொடங்கியது.

"கொஞ்சம் தள்ளி உக்காரு மைரோன்."

அவன் நிமிர்ந்தான். கேட்க வேண்டியது எதுவோ அவன் வாய்வரைக்கும் வந்தது அவளுக்குத் தெரிந்தது. முப்பது வருடமாகக் கேட்டுப் பழக்கமில்லாத வாய், எதைக் கேட்பது என்று தெரியாமல் தடுமாறியது.

"சாயங்காலம் சாப்பிட என்ன இருக்கு?" என்றான்.

"ஃப்ரிட்ஜ்ல கோஸ் உருண்டை இருக்கு. மூடி போட்டுச் சூடு பண்ணு, இல்லேன்னா காஞ்சு போயிடும்."

அவன் முழங்காலை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டான். ஒரு ஆள் நுழையும் இடம் கிடைத்தது. அவள் கோட்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவன் தோளில் உரசிக்கொண்டு ஏறினாள். அவன் கை படியில் கிடந்தது. அது அவளைப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நின்றிருப்பாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் மிச்சப் படிகளை வேகமாக ஏறினாள்.